ஒரு வசவுக்காக

ஃபைனா அர்காதியெவ்னாவுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், கோட்டு மறக்காது. காமா ஆற்றங்கரை நகரத்தின் பழைய பாலே அரங்கில், கோட்டு வாங்கி வைக்கும் கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். மேலே தங்கப் பூச்சு மாடங்கள், சரவிளக்கு. கீழே அவள் ராஜ்ஜியத்தில் நானூறு கொக்கிகள். பனி ஒட்டிய கோட்டை வாங்கி, கழுத்துப்பட்டைக்குள் இருக்கும் துணி வளையத்தைக் கொக்கியில் மாட்டி, எண் வில்லையை நீட்டுவாள். வளையம் இல்லாத கோட்டோடு வந்தவர் யாரும் அவள் வாயில் விழாமல் தப்பியதில்லை.

மகள் ஸ்லாதா தவழ்ந்ததும், நடந்ததும், காலைத் தலைக்கு மேல் தூக்கிப் பழகியதும் இந்தக் கொக்கிகளுக்குக் கீழேதான். அப்பன் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனவன், போனவன்தான். நான்கு வருடமாக மேடையின் பின்வரிசையில் பதினாறு பேரில் ஒருத்தியாக நின்ற ஸ்லாதா, இன்று முதன்முதலாகத் தனியாக ஆடப்போகிறாள். முதல் பகுதியிலேயே வருகிறது. இரண்டே நிமிடம்.

ஃபைனாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரில் யாரும் நேராக ‘நன்றாக ஆடு’ என்று வாழ்த்துவதில்லை, கண்ணேறு பட்டுவிடும். ‘இறகும் கிடைக்காது, தூவியும் கிடைக்காது’ என்று தலைகீழாக வாழ்த்துவார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுப்போன பழக்கம். கேட்டவர் உடனே ‘பிசாசுகிட்டப் போ’ என்று திருப்பி வைய வேண்டும். வையாவிட்டால் வாழ்த்து அந்தரத்தில் நின்றுவிடும், விழுவது ஆடுகிறவள் காலில்தான். காலையில் லிஃப்ட் கதவு மூடும்போது ஃபைனா சரியாகத்தான் சொன்னாள். காதில் பாட்டை மாட்டியிருந்த ஸ்லாதா தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

பதினொரு தடவை போன் போட்டாயிற்று. எடுக்கவில்லை. கூட வேலை பார்ப்பவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். நானூறு கோட்டுகளை விட்டு எப்படி நகர்வது? ஆட்டம் தொடங்குவதற்கான மூன்றாம் மணி அடித்து, அரங்கக் கதவுகள் மூடி, சுவரிலிருந்த சின்ன ஒலிபெருக்கியில் மேடை இசை கேட்கத் தொடங்கியது. தேநீர் ஆறிப்போனது. எழுந்தாள், உட்கார்ந்தாள், நேராகத் தொங்கிய கோட்டுகளை மறுபடி நேராக்கினாள்.

அப்போது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்த ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“இனி இடைவேளைக்குத்தான் உள்ளே விடுவாங்க” என்றாள் ஃபைனா.

“தெரியும் அத்தை. பாலத்துல வண்டி நகரவே இல்லை. கோட்டையாவது வாங்கிக்கோங்க.”

அவள் விரல் கழுத்துப்பட்டைக்குள் தடவியது. “வளையம் எங்கே? உன் மூக்குல மாட்டவா?”

“போன குளிர்காலத்துல அறுந்துபோச்சு.”

“பொண்டாட்டி இல்லையா?”

“இருக்கா. அவ கோட்டுலயும் இல்லை.”

ஃபைனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “பேரென்ன?”

“கிளெப்.”

“கிளெப் கண்ணு, வளையம் நான் தைச்சுத் தர்றேன். பத்து நிமிஷம் இந்த ஸ்டூல்ல உட்காரு. யார் கேட்டாலும் ஒரு கையுறைகூடக் கொடுக்காதே.”

“நானா? நீங்க எங்கே போறீங்க?”

“திட்டு வாங்க.”

நீலச் சட்டையும் கம்பளிச் செருப்புமாகப் பின்படிகளில் ஓடினாள். மேடையோரத் திரைக்குப் பின்னால், ஸ்லாதா வழுக்காமலிருக்கக் காலணி நுனியைப் பிசின் பொடியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா! இங்கே என்ன பண்றே?”

“இறகும் கிடைக்காது, தூவியும் கிடைக்காது!”

“என்னது?”

“காலையில நீ பதில் சொல்லலை.”

“அதுக்கா வந்தே? இந்தச் செருப்போட? எல்லாரும் பார்க்கிறாங்க. அடுத்தது நான்தான், தள்ளு!”

“சொல்லிட்டுப் போ.”

ஸ்லாதாவின் காது மடல்வரை சிவந்தது. “அம்மா, பிசாசுகிட்டப் போய்த் தொலை!”

மனதாரத்தான் சொன்னாள். சுற்றி நின்ற பெண்கள் திகைத்துத் திரும்பினார்கள். ஃபைனாவின் முகம் பூத்துவிட்டது. “போறேன்டி தங்கம்” என்று வந்த வழியே ஓடினாள். நின்று பார்த்திருக்கலாம். கோட்டுகள் இருந்தன, அதைவிட, பார்க்கும் தைரியம் இல்லை.

“ஒரு அம்மா சால்வை கேட்டாங்க, தரமாட்டேன்னுட்டேன். அழாத குறை” என்றான் கிளெப்.

“நல்ல பிள்ளை.” ஊசியில் நூலைக் கோத்தாள். இரண்டு தையல் போட்டிருப்பாள். ஒலிபெருக்கியில் புல்லாங்குழல் தனியாக எழுந்தது. கை நின்றது. குழலுக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கும்படி, மரப்பலகையில் ஒரு ஜோடிக் கால்கள். டக், டக். பிறகு ஒன்றுமில்லை, குதித்துவிட்டாள். இன்னும் ஒன்றுமில்லை. பிறகு, மெத்தென்று, டக்.

கைத்தட்டல் ஒலிபெருக்கியைக் கரகரக்க வைத்தது.

“யாரு ஆடினது?” என்றான் கிளெப்.

“என்னை வைஞ்சவ.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைக்காமலே சொன்னாள்: “அடுத்த தடவை உன் பொண்டாட்டி கோட்டையும் கொண்டா.”