இடுப்புக்குக் கீழே, முட்டிக்கு மேலே

சிறுநீரக டாக்டரிடம் உதவியாளராக இருப்பவனுக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே வருகிற ஆண்கள் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. செல்போன் எல்லார் கைக்கும் வராத காலத்தில், தண்டையார்பேட்டை கிளினிக் ஒன்றில் "என்ன தொந்தரவு?" என்று கேட்டு ஆளை உள்ளே அனுப்புவது என் வேலை. எனக்கோ பயந்த சுபாவம். கேட்கிற நோயெல்லாம் எனக்கும் இருப்பதாகத் தோன்றும். படித்து முடிப்பதற்குள் உங்களுக்கும் தோன்றிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடு

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் உலை முன்னால் நிற்பவர் மாணிக்கம். சிறுநீரில் ரத்தம் வந்தது, வலி இல்லை. உலைச் சூடுதான் என்று அவரே முடிவுகட்டி, இளநீர் குடித்து, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். ரத்தம் நின்றது. சில மாதத்தில் திரும்ப வந்தபோது மனைவி இழுத்து வந்துவிட்டார்.

ஸ்கேனில் கிட்னியில் கட்டி. வலியில்லாமல் ரத்தம் வந்து, தானாக நிற்பதுதான் ஏமாற்றும் என்றார் டாக்டர். நான் அன்றைக்கே பாத்ரூமுக்குப் போய் என் சிறுநீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்லவேளை, கட்டி பரவவில்லை. அந்தக் கிட்னியை எடுத்துவிடலாம், மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று தைரியம் சொன்னார். மாணிக்கத்தின் மனைவிக்கு ஆறவில்லை. "அத்தினி எளநி வாங்கி ஊத்துனனே, அதெல்லாம் எங்க சார் போச்சு?"

வலிக்கல

டில்லி என்பவன் ராயபுரத்துப் பையன், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். தை மாதம் கல்யாணம். என்ன தொந்தரவு என்றேன். "இடுப்புக்குக் கீழ, முட்டிக்கு மேல" என்றான். தொடையா? "அதுக்குப் பக்கத்துல." மாடிப்படிக்குக் கூட்டிப்போய்க் கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. விதை ஒருபக்கம் பெருத்து, கல் மாதிரி ஆகியிருக்கிறது. பாரம் தூக்கிக் குடல் இறங்கியிருக்கும் என்று தோஸ்துகள் சொன்னதை நம்பி, மாதக்கணக்கில் லங்கோடு இறுக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்றார். இல்லை என்றதும் டில்லியின் முகம் மலர்ந்தது, டாக்டரின் முகம் சுருங்கியது. "வலிக்கவே இல்ல சார், அப்ப ஒண்ணியும் இல்லதான?"

ஒன்று போதும்

ஸ்கேன் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். புற்றுநோயாகத்தான் தெரிகிறது. அடிவயிற்று ஓரம் கீறி அந்த விதையை முழுசாக எடுக்க வேண்டும். எங்காவது பரவியிருந்தால் மருந்து ஏற்ற வேண்டும். பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படுகிற நோய்தான். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் மிச்சமிருக்கும் ஒன்று போதும். ஆனாலும் மருந்து ஏற்றுவதற்கு முன் விந்தை எடுத்துச் சேமித்து வைத்துவிடுவது நல்லது.

வெளியே வந்தவனிடம் மாணிக்கத்தைச் சொல்லி ஆறுதல் சொன்னேன். ஒரே கிட்னியோடு மனுஷன் வேலைக்குப் போகிறாரே! டில்லி என்னை முறைத்தான். "அது உள்ள கீதுண்ணே, யாருக்குத் தெரியும்? இத்த நான் அவளாண்ட எப்டி சொல்வேன்?"

செல்வி

ஆபரேஷன் முடிந்தது. நோய் பரவி வயிற்றுக்குள் நெறிகட்டி இருந்ததால் மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டியது. கடைசி ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று ஒரு பெண் வந்து, டில்லிக்கு நிச்சயம் செய்த செல்வி என்றாள். அவனுக்கு என்ன என்று கேட்டால் எப்படிச் சொல்வது? "இடுப்புக்குக் கீழே…" என்று நானே மென்று விழுங்க ஆரம்பித்தேன்.

அவள் விடவில்லை. "தெரியும்ணா, அவரே சொல்லிட்டாரு. ஆளு பொயச்சிப்பாரா? அத்த மட்டும் சொல்லு."

சத்தமாக

பிழைத்தான். தையில் நடக்க இருந்த கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்கப்புறம் செக்கப்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்தவன், ஒரு சாயங்காலம் தலைகுனிந்த ஒருவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஹால் நிறைய ஆட்கள். நான் வழக்கம்போல மாடிப்படியைக் காட்டினேன். டில்லி நகரவில்லை. எல்லோரும் மின்விசிறியை அண்ணாந்து பார்க்க, துறைமுகக் குரலில் சொன்னான்: "நம்ம தோஸ்துண்ணே. கொட்டைல கட்டி கீது, வலிக்கல. அதான் ஒடனே இட்டாந்தேன்!"

இத்தனை வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் காத்துக்கிடந்தது, அந்த ஒரு கெட்ட வார்த்தைக்குத்தான்.