பத்தாயிரம் அடி ஆழம்

கப்பல் ஏற மூன்றே நாள் இருந்தது. அப்பா, எங்கள் வீட்டு வழக்கில் நைனா, இன்னும் சரியென்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். சண்டை போட்டால் பதிலுக்குப் போடலாம். அவர் மாந்தோப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். நான் பையில் துணியை அடுக்குவதும் எடுப்பதுமாக இருந்தேன்.

திருப்பதியில் நிலவியல் படித்து முடித்த எனக்கு, வங்கக் கடலின் தரையை அளக்கும் கப்பலில் இடம் கிடைத்திருந்தது. மேலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மேடு பள்ளங்களை வரைய வேண்டும். செய்தி வந்த அன்று நைனா ஒன்றுதான் கேட்டார்.

"எவ்ளோ ஆழம்?"

"பத்தாயிரம் அடி இருக்கும் நைனா," என்றேன் பெருமையாக.

மீட்டரில் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆந்திர எல்லையில் எங்கள் புத்தூர்ப் பக்கத்தில் அடிக் கணக்கு என்றாலே போர்வெல் கணக்கு. தேங்காய் உடைத்துத் தொடங்கிய ஒவ்வொரு போரும் முந்தியதைவிட ஆழமாகப் போனது. கடைசிப் போர் ஆயிரம் அடி. குடும்பமே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீருக்குப் பதில் வெள்ளைத் தூசிதான் பொங்கி வந்தது. மாவிலை, அம்மாவின் தலை, நைனாவின் மீசை எல்லாம் வெளுத்துப்போயின. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் தோப்புக்கே போய் அவரைப் பிடித்தேன்.

"கடலுக்கு அடியில மலைங்க கீது நைனா."

"ஏரி மாதிரி மட்டமா இருக்காதா?"

கேட்டதே போதும் என்று ஆரம்பித்தேன். நகரி மலையைவிட உயரமான மலைகள் தலையை வெளியே காட்டாமல் உள்ளேயே நிற்பதையும், கரையைத் தாண்டிய சரிவில் பெரிய பள்ளத்தாக்குகள் இறங்குவதையும், அதற்கப்பால் நாயுடுபேட்டைப் பக்கம்போல மேடே தெரியாத சமவெளி விரிவதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் அந்தக் கடைசிப் போரின் வாயை மூடிவைத்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. அவர் மனம் கோணிக் கிடக்க, நான் போய் எந்தக் கடலை அளப்பது?

மறுநாள் காலை என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது அவர்தான். சென்னை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் தெலுங்கில் அவசரப்படுத்தினார். பைக்காகக் கையை நீட்டினேன், நைனா கொடுக்கவில்லை.

"அவ்ளோ ஆழத்துக்கும் தண்ணிதானா?"

"தண்ணிதான் நைனா."

"நடுவுல எங்கியும் தூசி வராதே?"

"வராது. அடி வரைக்கும் தண்ணிதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையை என் கையில் கொடுத்தார்.

"அப்போ போயிட்டு வா."