வெந்த கிழங்கு

எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர் பிச்சைக்கண்ணு அண்ணாச்சிக்கு உருளைக்கிழங்கில் குழி தோண்டுவதில் இருபத்திரண்டு வருஷப் பெருமை. சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனாலும் சவ்வூடு பரவலை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

"பச்சைக் கிழங்குக்கு உயிரு இருக்கு டீச்சர். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத அறை அறையா இருக்கு. அந்த அறைச் சுவரு தண்ணிய விடும், சீனிய விடாது."

செல்சவ்வு என்ற சொல் ஒன்றுதான் அவரிடம் இல்லை.

கிழங்கைச் சீவி, நடுவில் குழி தோண்டி, சீனிக் கரைசலை ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி, தண்ணீர்த் தட்டில் உட்கார வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் தட்டுத் தண்ணீர் கிழங்கு வழியாகக் குழிக்குள் புகுந்து, மட்டம் ஊசியைத் தாண்டிவிடும். எங்கள் பிளஸ் ஒன் செய்முறைத் தேர்வில் வருஷா வருஷம் இது உண்டு.

இந்த வருஷம் அவருடைய வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. கத்தி நிற்கவில்லை. அதை வெளியே சொல்ல அவருக்கு வெட்கம். தேர்வு நாள் காலையில் வீட்டிலேயே பன்னிரண்டு கிழங்குகளையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருக்கிறார். தோல் தானாகக் கழன்றது, கரண்டியாலேயே குழி விழுந்தது. அரைவேக்காடுதானே, பாதி உயிராவது மிச்சமிருக்கும் என்று நினைத்தாராம்.

வெந்த கிழங்கில் சவ்வு செத்துவிடும். தண்ணீரும் சீனியும் கேட்பாரில்லாமல் போகும், வரும். மட்டம் ஏறாது.

அன்று தேர்வெழுதிய பன்னிரண்டு பெண்களில் பதினோரு பேர் 'மட்டம் ஏறியது' என்று எழுதினார்கள். மர்வா மட்டும் 'ஏறவில்லை' என்று எழுதினாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கிழங்கைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் தாளில் முட்டை போட்டார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு அழுதாள்.

அண்ணாச்சி ஒரு கிழங்கை அழுத்திப் பார்த்தார். நகம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"டீச்சர், கிழங்க நான் அவிச்சிட்டேன். அந்தப் பிள்ளை எழுதுனதுதான் சரி."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "புத்தி கெட்டுப்போச்சா உமக்கு? வாயத் திறக்காதீரும். வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மானம் கப்பலேறிரும்."

பள்ளிக்கூடத்து மானம் என்றேன். நான் பயந்தது என் மானத்துக்கு.

அவர் பைய உள்ளே போய்த் தேர்வாளர் முன்னால் வலது கையை நீட்டினார். "இந்தக் கையால சீவ முடியல சார். சொல்ல வெக்கப்பட்டு அவிச்சுக் கொண்டாந்துட்டேன். பிள்ளை மேல தப்பு இல்ல." அத்தனை பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுவரை சிவந்து நின்றார் மனுஷர்.

தேர்வாளர் எழுந்து போய்ப் பன்னிரண்டு தட்டுகளையும் குனிந்து பார்த்தார். முட்டையை அடித்து மர்வாவுக்கு முழு மதிப்பெண் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். மற்ற பதினோரு தாள்களையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார்.

"அப்போ இவங்களுக்கெல்லாம் எப்படிம்மா ஏறிச்சு? நீ மட்டும் ஏன் ஏறலைன்னு எழுதுன?"

மர்வா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை.

"டீச்சர் விடையெல்லாம் எழுதிப் போட்ட அன்னைக்கு நான் லீவு சார். அதான் பாத்து எழுதுனேன்."

அண்ணாச்சி கையை மடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். எனக்காகத்தான்.