எருமை தள்ளி வைத்தவை

நாமகிரிப்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். விடிந்ததிலிருந்து மேய்ச்சல் நிலத்தில் பிடுங்கிய புற்களையும் களைகளையும் ஈரச் சாக்கில் கட்டி வைத்துவிட்டு, பெஞ்சில் சாய்ந்தவன் தூங்கிவிடுகிறேன். விழித்தால் சாக்கு காலியாகக் கிடக்கிறது. கடைக்கார அம்மாளின் எருமை அசைபோடுகிறது.

“வாடிக் கெடந்துச்சுங்க. நீங்க ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள சருகாயிரும்னு எருமைக்கு அவுத்துப் போட்டுட்டனுங்க.”

கோபப்படக்கூடத் தெம்பில்லை. மாடுகள் விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல்லில் ஒரு தாள்கூட மிச்சமில்லை. களைகளை மட்டும் எருமை தள்ளி வைத்திருக்கிறது. அவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போடுகிறேன்.

“மாடு மோந்துகூடப் பாக்காத செடிங்க. அதையா கொண்டுபோறீங்க?”

தலையாட்டுகிறேன். இந்த ஜில்லாவில் நல்ல புல் அழிந்து களை மட்டும் எப்படி மிஞ்சுகிறது என்று வருஷக்கணக்காக எழுதி வருகிறேன். எருமை அதை நான் கண்ணயர்ந்த நேரத்துக்குள் செய்து காட்டிவிட்டது.