இளைத்துப்போன தேக்குகள்

நான் தையற்காரன். என் மனைவி வனவியல் பட்டதாரி. ஒரு சட்டைக்கு எட்டுப் பை வைக்க வேண்டும் என்று கேட்டுத்தான் முதன்முதலில் என் கடைக்கு வந்தாள். ஆறு பைதான் வைக்க முடியும் என்று அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் எட்டுப் பை வைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் எந்த வாதத்திலும் ஜெயித்தது கிடையாது.

வனவியல் படித்தால் வனத்துறை அதிகாரி ஆகலாம் என்பது ஒன்றுதான் எல்லாருக்கும் தெரிந்த வழி. அந்தத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் நூலிழையில் கோட்டைவிட்டாள். மகள் சீருடை போடவில்லையே என்று என் மாமனாருக்கு மனசே ஆறவில்லை. அவள் அசரவில்லை. ஒரு நாற்றுப்பண்ணையில் இரண்டு வருஷம் கன்று வளர்த்தாள். பிறகு மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றில், வந்து இறங்கும் கட்டை எந்த மரம் என்று வெட்டுமுகத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லும் வேலை. மட்டமான கட்டை ஏற்றிவந்தவர்கள் இவள் தலையைப் பார்த்ததும் லாரியைத் திருப்பிவிடுவார்களாம். அவள் சொல்வதில் பாதியை நான் நம்புகிறேன். அப்புறம் ஒரு வரைபட நிறுவனத்தில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் எடுத்த படங்களில் காட்டைப் பச்சைத் திட்டுகளாகப் பார்த்தாள். "காடு கண்ணுக்கு எட்டுது, காலுக்கு எட்டல" என்று சொல்லி அங்கிருந்தும் வந்துவிட்டாள். ஓர் இடத்தில் கால் தரிக்காதவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசுகிறவர்கள் வாயை நான் தைக்கவா முடியும்?

முப்பத்தாறு வயதில்தான் அவள் மனசுக்குப் பிடித்த வேலை கிடைத்தது. தோட்டங்களில் மரங்களை அளந்து, வருஷா வருஷம் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று சொல்லும் ஒரு சின்ன நிறுவனம். ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். ஐந்தாவது மாதத்தில் ஒரு தேக்குத் தோட்டத்துக்குத் தனியாக அனுப்பினார்கள். எண் எழுதிய முந்நூறு மரங்களின் சுற்றளவை அளந்து கொடுத்தாள்.

அங்கேதான் வினை வந்தது. போன வருஷக் கணக்கோடு ஒப்பிட்டால் முக்கால்வாசி மரங்கள் இளைத்திருந்தன. மேலாளர் இருபத்தைந்து வருஷம் காட்டிலேயே கிடந்தவர், நல்ல மனிதர்தான். ஆனாலும் அவருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ஏம்மா, தேக்கு என்ன பட்டினி கிடந்துச்சா?" என்றார்.

ஒரு வாரம் தருவதாகவும், திரும்ப அளந்தும் இதே கணக்கு வந்தால் வேலையை உறுதிசெய்ய முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் திரும்ப அளந்தாள். இதே கணக்குதான் வந்தது.

அன்று சாயங்காலம் என் வெட்டுமேசையில் துணியைத் தள்ளிவிட்டுத் தாள்களைப் பரப்பினாள். இந்த வேலையும் போனால் அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் என் தொழில் புத்தியைக் காட்டினேன்.

"ஒவ்வொண்ணுக்கும் மூணு சென்டிமீட்டர் கூடப் போட்டுடு. நாங்க தையலுக்கு விடறதில்லையா?"

"துணிக்கு விடலாம். மரத்துக்கு எங்க விடறது?" என்றாள். அப்புறம் ஒரு மணி நேரம் தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு நிமிர்ந்து விஷயத்தைச் சொன்னாள். கவனமில்லாமல் அளந்திருந்தால் சிலது கூடும், சிலது குறையும். இங்கே முக்கால்வாசியும் குறைந்தே இருக்கிறது, அடி பெருத்த மரங்களில் இன்னும் அதிகமாக. மரத்தை அளப்பது தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டரில். அதற்கு மார்பு உயரம் என்று பெயர். அந்த உயரம் என் மனைவிக்குக் கண்ணுக்கு நேரே வரும். அதனால் அவள் சரியாக அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டு போவாள். போன வருஷம் அளந்தவர் குச்சி வைக்காமல் தன் மார்பையே நம்பியிருந்தால்? ஆள் கொஞ்சம் குட்டை என்றால் டேப் கீழே இறங்கும். கீழே போகப் போக மரம் பருமன்.

போன வருஷப் பதிவேட்டின் நகலைப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கையெழுத்து. மேலாளருடையது.

வாயை மூடிக்கொண்டு வேறு வேலை தேடலாம் என்றேன். அவள் மறுநாளே அவரைத் தோட்டத்துக்கு வரச் சொன்னாள். கடையைச் சாத்திவிட்டு நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

நாற்பத்தொன்றாம் மரத்தின் முன் நின்று, போன வருஷம் அளந்த மாதிரியே அளக்கச் சொல்லி அவரைக் கேட்டாள். அவர் பேச்சை நிறுத்தாமலேயே டேப்பைத் தன் மார்புக்கு நேராகச் சுற்றினார். போன வருஷக் கணக்கைவிட ஒரு விரல் அகலம் கூட வந்தது. மரம் இளைக்கவில்லை, வளர்ந்திருக்கிறது. அவள் பக்கத்தில் குச்சியை நிறுத்தினாள். அவருடைய டேப் ஒரு ஜாண் கீழே இருந்தது.

அவர் அடுத்த மரத்தை அளந்தார். அதற்கடுத்ததையும். முகம் காது வரை சிவந்துவிட்டது.

"என்கிட்டத் தொழில் படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் அளக்கிறாங்கம்மா" என்றார் மெதுவாக.

"இப்பத் திருத்திக்கலாம் சார். அறிக்கையில நீங்களே எழுதிடுங்க. நான் எழுதினா நல்லா இருக்காது."

எழுதினார். போன வருஷக் கணக்கு தவறு, அளந்தவன் நான் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதித் தோட்டத்தின் உரிமையாளர்களுக்கு அனுப்பினார். இந்தத் தைரியம் எனக்கு வராது.

மாசக் கடைசியில் வேலை உறுதியான கடிதம் வந்தது. அச்சடித்த வரிகளுக்குக் கீழே அவர் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "இவர் அளந்தால் மறு அளவு தேவையில்லை." அதை மூன்று முறை சத்தமாகப் படித்தேன். போதும் என்று கடிதத்தைப் பிடுங்கினாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில், இத்தனை வேலையில், யாரும் அவளுக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, மூன்று சென்டிமீட்டர் கூட்டிப் போடு என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு மன்னிப்புக் கேட்டேன்.