இனிப்பு நீரும் கறுப்பு நீரும்

"சுலபமான வழிதான்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் சொன்னவரின் காலைப் பார்ப்பேன். கெண்டைக்கால் திரண்டு உருண்டிருந்தால் அந்தப் பேச்சை நம்பக் கூடாது. எனக்குச் சுலபமான வழி என்றால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போகிற வழி. முப்பது வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பிறைக்கு, பிறையிலிருந்து திரும்ப சிம்பாங் அம்பாட்டுக்கு, பின்னால் ஒரு பஸ் நிறையத் தொழிற்சாலை ஆட்கள்.

பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க ஒரு மருத்துவப் பாரம் உண்டு. டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். கிளினிக்கில் இருந்த டாக்டருக்கு என் மகள் வயது. கண் சரி, காது சரி, ரத்த அழுத்தம் பரவாயில்லை என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தவர், கடைசிக் கட்டத்தில் பேனாவை மூடிவிட்டார்.

"அங்கிள், ரத்தத்துல இனிப்பு நீர் ரொம்ப ஏறிப் போச்சு. இப்படியே சைன் போட முடியாது லா."

"எப்படி இருந்தா போடுவீங்க?"

"லைசென்ஸ் முடிய இன்னும் மூணு மாசம் இருக்குல்ல? தினமும் காலையில நடங்க. சீனியை விட்டுடுங்க. இறங்கட்டும், போடுறேன்."

பாரத்தை மேசை டிராயருக்குள் வைத்து மூடினார். பூட்டினாரா இல்லையா என்று பார்க்க எட்டிப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. என்னை முதல் பார்வையிலேயே எடை போட்டுவிட்டார் என்று தோன்றியது.

வீட்டில் சொன்னேன். "பஸ் ஓட்டலன்னா பகல் பூரா வீட்லயா இருப்பீங்க?" என்று கேட்டாள் மனைவி. அவள் முகத்தில் தெரிந்தது என் உடம்பைப் பற்றிய பயம் மட்டும்தானா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அன்று மத்தியானம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றப் போனபோது ஸ்டியரிங்கில் கை வழுக்கியது. ஐம்பத்தெட்டு வயதில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தச் சக்கரத்தைத் திருப்புவது. அதையும் எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சமிருப்பது என் தொப்பைதான்.

ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில், எங்களுக்கு இரண்டு மாடி கீழே ஒரு சிநேகிதன் இருக்கிறான். ஊருக்கு மேலே மலையில் இருக்கிற அணையைச் சுற்றி நடந்தே தொப்பையைத் தொலைத்தவன். விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான்.

"மச்சான், நாளைக்கு என்கூட வா. அணையை ஒரு சுத்து சுத்துனா போதும். சுலபமான வழி."

நான் அவன் காலைப் பார்த்தேன். பந்து மாதிரி இருந்தது.

அணைக்குப் பக்கத்தில் சுலபமான வழிகள் இரண்டு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அணைக்கட்டின் மேலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவது ஒன்று. தட்டையாக இருக்கும், குழந்தை வண்டியைக்கூடத் தள்ளலாம். நீரை ஒட்டி மர நிழலில் முழு வட்டம் அடிப்பது இன்னொன்று. இரண்டும் உண்மையிலேயே சுலபம். அந்த இரண்டு வழிகளுக்கும் போய்ச் சேர்வதற்கு, சீனக் கோயிலுக்குப் பின்னாலிருந்து பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு ஒன்று இருக்கிறது. அதை மட்டும் யாரும் வழிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் புது ஆள் வரமாட்டான்.

முதல் நாள் நான் அணையைப் பார்த்தபோது அணையும் என்னைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. தண்ணீர் மேல் பனி. எதிர்க்கரை தெரியவில்லை. தெரியாத கரையைச் சுற்றி வரச் சொல்கிறான்.

"இன்னும் எவ்வளவு தூரம்டா?"

"அந்த வளைவு திரும்பினா முடிஞ்சது."

திரும்பினோம். முடியவில்லை. அங்கே இன்னொரு வளைவு, அதற்குமேல் ஒரு குரங்கு. நான் நடக்க நடக்க அணை பெரிதாகிக்கொண்டே போனதாக எனக்குச் சந்தேகம். இதற்கிடையில் ஒரு சீனத் தாத்தா என்னைத் தாண்டிப் போனார். தாண்டியதில் வருத்தமில்லை. அவர் பின்பக்கமாக நடந்து தாண்டினார். முழங்காலுக்கு நல்லதாம். அதனால் வளைவு வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனார். நானும் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

சிநேகிதன் கையில் காலடி எண்ணுகிற கடிகாரம் கட்டியிருந்தான். அதை அடிக்கடி பார்த்து எதையோ போனில் தட்டுவான். என் மனைவிக்கு ரிப்போர்ட் அனுப்புகிறான் என்று இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். ஒருநாள் நான் ஒரு கல்லில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனால், "கல்லு சூடா இருந்துச்சா?" என்று கேட்கிறாள்.

இறங்கி வந்ததும் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சிநேகிதன் தன் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடிப்பான். நான் மட்டும், டாக்டர் சொன்னபடி, "அண்ணே, தே சி கோசோங் ஒண்ணு" என்பேன். இந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். தே சி என்றால் இனிப்பில்லாத டின் பால் ஊற்றிய தேநீர். அதில் வழக்கமாகச் சீனி போடுவார்கள். கோசோங் என்றால் காலி, ஒன்றுமில்லை. ஆக, சீனி இல்லாத தேநீர்.

அந்த நேரத்தில் தே கலக்குகிறவர் இன்னும் வந்திருக்க மாட்டார். ரொட்டி போடுகிற அண்ணன்தான் அதையும் பார்த்துக்கொள்வார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. என்னைவிட இளையவர் என்றாலும் நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

முதல் நாள் கோசோங்கைக் குடித்தபோது கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அருமையாக இருந்தது.

"பார்த்தியா மச்சான், சீனியை விட்டா நாக்கு சுத்தமாயிடும். பால்ல இருக்கிற இனிப்புகூட எனக்கு இப்பத் தெரியுது" என்று சிநேகிதனிடம் பெருமை அடித்தேன். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கிளாஸ் குடித்தேன். சீனிதான் இல்லையே, என்ன பயம்?

ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"அங்கிள், ஏறியிருக்கு."

நான் முதலில் சந்தேகப்பட்டது மெஷினை. பிறகு ரத்தம் எடுத்த நர்ஸை, வேறு யாருடைய ரத்தத்தையோ என் பெயரில் எழுதிவிட்டாரோ என்று. பிறகு சிநேகிதனை, சுற்றைக் குறுக்கே வெட்டி என்னை ஏமாற்றுகிறானோ என்று. பிறகு மனைவியின் சாம்பாரை. அவளோ என்னை மட்டும்தான் சந்தேகப்பட்டாள். சட்டைப் பையைக் கவிழ்த்தாள். மோட்டார் சைக்கிள் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். பழைய மிட்டாய்க் காகிதம் ஒன்று கிடைத்தது. அது போன தீபாவளியில் வந்தது என்று நான் செய்த சத்தியத்தை நானே நம்பவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தப்பும் செய்யாமல் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்து ஒருத்தரும் என்னை நம்பவில்லை.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள் மனைவி.

வந்தாள். வளைவு ரோட்டில் சிநேகிதனோடு பேசிக்கொண்டே ஏறினாள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். முழுச் சுற்றும் முடித்தாள். குரங்குகூட அவளுக்கு வழி விட்டது. அணைக்கட்டின் மேல் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடக்கத்தான் செய்றாரு" என்று சிநேகிதனிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

கடையில் உட்கார்ந்தோம். என் கோசோங் வந்தது. நான் கையை நீட்டுவதற்குள் அவள் எடுத்து ஒரு வாய் குடித்தாள். கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"இதுதான் தினமும் குடிக்கிறதா?"

"ஆமா. கோசோங்."

"தினமும் இப்படித்தான் இருக்குமா?"

"ஆமான்றேன். ரெண்டு கிளாஸ்."

அவள் ரொட்டிக்கல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, இதுல எவ்வளவு சீனி போட்டீங்க?"

"ரெண்டு ஸ்பூன்தான்க்கா. பத்தலையா?"

சிநேகிதனுக்கு வெந்நீர் புரையேறியது.

"கோசோங்தானே கேட்டாரு?"

"கோசோங்தான்க்கா குடுத்தேன்." அவருக்கு உண்மையாகவே மனசு சுட்டுவிட்டது. தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்தார். "நான் ரொட்டிக்கல்லுலதான் வேலை கத்துக்கிட்டேன். ரொட்டி கோசோங்னா முட்டை வேணாம், வெங்காயம் வேணாம், வெறும் ரொட்டி. அந்த மாவுலயே சீனி போட்டுத்தான பிசையுறோம்? அப்ப தே கோசோங்னா, கூடத் தின்ன ஒண்ணும் வேணாம், வெறும் தே மட்டும்னு அர்த்தம். அண்ணனும் எதுவும் சாப்பிட மாட்டாரு. சரியாத்தான இருந்துச்சு?"

"வேற யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்றான் சிநேகிதன்.

"ஒரு சீன ஐயா திருப்பிக் குடுத்தாரு. சூடு பத்தலைபோலன்னு கொதிக்கக் கொதிக்கப் போட்டுக் குடுத்தேன். அப்புறம் அவரு வரல." கொஞ்சம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணன்தான் தினமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்வாரு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பின்பக்கமாக நடக்கிற தாத்தா பார்த்த மாதிரியே.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெஷினை, நர்ஸை, சிநேகிதனை, சாம்பாரை, அணையைக்கூடச் சந்தேகப்பட்ட ஆள், கையிலிருந்த கிளாஸை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. நாக்குக்கு முதல் நாளே தெரியும். நானும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை.

"அவர் மேல தப்பில்ல" என்று நான் ரொட்டி அண்ணனுக்காகப் பேசினேன்.

"அவர் மேல தப்புன்னு யாரு சொன்னா?" என்றாள் மனைவி.

அடுத்த நாளிலிருந்து பாலும் கிடையாது. சீனியும் கிடையாது. தே ஓ கோசோங், வெறும் கறுப்புத் தேநீர். மனைவியே ரொட்டி அண்ணனுக்கு இரண்டு தடவை பாடம் எடுத்துவிட்டுப் போனாள். முதல் கிளாஸ் வந்ததும் சிநேகிதன் குனிந்து பார்த்தான்.

"மச்சான், ஆயர் ஈத்தாம்."

ஆயர் என்றால் தண்ணீர், ஈத்தாம் என்றால் கறுப்பு. இத்தனை வருஷம் அந்த ஊரிலேயே இருந்துவிட்டு, அந்த ஊரை இப்போதுதான் குடித்துப் பார்க்கிறேன். கசந்தது. அணைத் தண்ணீரில் இலை ஊறின மாதிரி இருந்தது. குடித்தேன். மழை பெய்த நாளில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். கல்லில் உட்காரவில்லை.

கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது டாக்டர் டிராயரைத் திறந்தார். "இறங்கியிருக்கு அங்கிள்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஆனால் எழுதாமல், "உண்மையிலேயே சீனியை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"நான் சொன்னா நம்பாதீங்க. ரத்தத்தைக் கேளுங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நடந்துவிட்டுத் தனியாகக் கடைக்குப் போனேன். சிநேகிதன் ஊரில் இல்லை. விஷயம் கேட்டு ரொட்டி அண்ணனுக்கும் சந்தோஷம்.

"இன்னைக்கு ஒரு நாள் பழைய கோசோங் போடட்டுமாண்ணே? அக்காவும் இல்ல."

நான் ரோட்டின் இரு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"வேணாண்ணே. கறுப்பே குடுங்க. ஆனா முதல்ல நீங்க ஒரு ஸ்பூன் குடிச்சுக் காட்டணும்."

ஒரு ஸ்பூன் எடுத்துக் குடித்தார். முகம் கோணிப் போனது. "இதையாண்ணே தினமும் காசு குடுத்துக் குடிக்கிறீங்க?"

அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் கிளாஸைக் கையில் வாங்கினேன். மத்தியானம் சிம்பாங் அம்பாட்டில் ஆள் ஏற்ற வேண்டும்.