தராசுத் தட்டில் ஒரு சந்தனப் பொட்டு

வெள்ளவத்தையில் இருபத்தைந்து வருடமாகக் கணிதம் டியூஷன் கொடுக்கிறவன் நான். விடை சரியாக இருந்தாலும் படிமுறை எழுதாத பிள்ளைக்குப் பாதிப் புள்ளிதான் போடுவேன். இதற்காகப் பல அம்மாமார் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவன் ஐம்பத்துநாலாவது வயதில் துவக்குத் தோட்டா நிரப்பப் பழகப் போனேன் என்றால் அதற்குக் காரணம் என் மகள்.

மகள் மண்தட்டுச் சுடுபவள். இயந்திரம் ஆகாயத்தில் வீசும் தட்டைத் துவக்கால் சுட்டு உடைக்கிற விளையாட்டு அது. தேசியத் தெரிவுப் போட்டிக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், வெளிநாட்டில் இருந்து வரும் புதுத் தோட்டாக்கள் குறைந்துபோயின. கழகத்தில் ஆளுக்கு இத்தனை என்று அளந்து கொடுத்தார்கள். சுட்டு முடித்த வெறும் கோதுகளைத் திரும்ப நிரப்பினால்தான் அவளுக்குப் பயிற்சி. கழகத்துக்கு அதற்கு அனுமதி இருந்தது. ஆனால் கழகத்துப் பின்னறையில் வைத்து, பெயர் பதிந்தவர்கள் மட்டும்தான் செய்யலாம், வெடிமருந்து எப்போதும் பூட்டுக்குள் இருக்கும். மகளுக்கு வேலை நாட்களில் நேரமில்லை. என் வகுப்புகள் பின்னேரம்தான் தொடங்கும். நான் பெயரைப் பதிந்தேன்.

அங்கே பழக்கிக் கொடுத்தது ஒரு கொட்டாஞ்சேனைப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் பொன் நிறுக்கிற வேலை. அவளும் மண்தட்டுச் சுடுகிறவள்தான். கழகத்தில் அவளைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள், ஆனால் அவள் நிரப்பிய தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு துவக்கில் போடாதவர் அங்கே ஒருவரும் இல்லை. என்னைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது இளையவளிடம் பாடம் கேட்பதா என்று முதல் நாள் எனக்குள் ஒரு முறுகல் இருந்தது. அரை மணித்தியாலத்தில் அது போய்விட்டது.

என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்று நான் ஒரு நீளப் பட்டியலோடு போயிருந்தேன். இணையத்தில் பார்த்து எழுதியது. அவள் அதை வாசித்துவிட்டு மடித்து என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தாள்.

"இதுல பாதி ஷோவுக்கு அண்ணே. முதல்ல கண்ணாடி வாங்குங்க, கண்ணுக்குப் போடுறது. அப்புறம் நல்ல தராசு ஒண்ணு. அப்புறம் ஒரு கொப்பி."

"கொப்பியோ?"

"ஆமா, கொப்பி. மெஷின் கழகத்துல இருக்கு, அது போதும். கைப்பிடிய ஒரு தடவ இழுத்தா ஒரு வேலை செய்யும், அவ்வளவுதான். வேகமான மெஷின் எல்லாம் பழகினவங்களுக்கு."

அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோதுகளைக் கொட்டி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து வாயில் வெடிப்பு இருக்கிறதா, அடியில் உள்ள பித்தளை வீங்கி இருக்கிறதா என்று பார்ப்பாள். சந்தேகம் வந்தால் தூக்கி வாளிக்குள் போடுவாள், இரண்டாம் தடவை யோசிக்க மாட்டாள். மேசையில் ஒரேயொரு மருந்துப் போத்தல்தான் இருக்கும். இன்னொன்று வேண்டுமென்றால் முதலாவது பூட்டுக்குள் போன பிறகுதான். எவ்வளவு மருந்து என்பதை மருந்து செய்த கம்பனியின் அட்டவணையைத் திறந்து வைத்துத்தான் பார்ப்பாள். மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் திறப்பாள். பெரிய உத்தியோகத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர், தன் நண்பர் சொன்ன அளவு என்று ஒன்றைச் சொல்ல, "அந்த நண்பர் இங்க வந்து சுடுவாரா சேர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எனக்கு அன்று அவளுக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது.

நிறுக்கத் தொடங்குமுன் மேலே சுற்றும் பேனை நிப்பாட்டுவாள். கொழும்பு வெக்கையில் அந்தச் சின்ன அறையில் பேன் இல்லாமல் இருப்பது ஒரு தண்டனை. நகைக்கடையில் காற்றுப் பட்டால் தராசு பொய் சொல்லும், அந்தப் பழக்கம் என்றாள். தட்டை மெல்லிய துணியால் துடைத்து, வெறுந்தட்டு பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பாள். பத்துத் தோட்டாவுக்கு ஒரு தடவை திரும்பவும் வெறுந்தட்டை வைத்துப் பார்த்து, காட்டியதைக் கொப்பியில் எழுதுவாள்.

"பூச்சியத்தை எழுதி என்ன பிள்ளை பயன்?" என்று ஒரு தடவை கேட்டேன். கணிதம் படிப்பிக்கிறவன் கேட்கிற கேள்வியா அது!

"எழுதணும்னா பாத்துதானே ஆகணும் அண்ணே," என்றாள்.

இரண்டு மாதம் அவள் பக்கத்தில் இருந்து பழகினேன். பிறகு தனியாகச் செய்யலாம் என்று சொன்னாள். அப்போது நவராத்திரி. நல்ல நாளில் தொடங்குவோம் என்று நான்தான் சொன்னேன். ஏடு தொடக்குகிற விஜயதசமியைவிடத் தொடக்கத்துக்கு வேறு எந்த நாள்? அதற்கு முதல் நாள் ஆயுத பூசைக்கு என் தராசையும் கொப்பியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அவற்றை மகளின் சுடும் கண்ணாடியோடும் என் கணிதப் புத்தகங்களோடும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். தராசுத் தட்டின் விளிம்பில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு. மகளுக்காக என்பதால் தாராளமாகவே வைத்திருந்தாள்.

அடுத்த நாள் காலை குளித்து, திருநீறு பூசி, தராசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கழகத்துக் காவலாளி மருந்து அலுமாரியைத் திறந்துவிட்டு, "பரிஸ்ஸமெங், மாத்தயா," என்றான். சிங்களத்தில் கவனம் என்கிறான். எனக்கா கவனம் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். பேனை நிப்பாட்டினேன். துணியை எடுத்தேன். தட்டில் இருந்த பொட்டைக் கண்டதும் கை நின்றுவிட்டது. பூசையில் வைத்த பொட்டை, அதுவும் விஜயதசமி அன்று, யார் துடைப்பார்கள்? பொட்டோடு சேர்த்தே தராசைப் பூச்சியமாக்கினேன். கணக்குச் சரிதானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கொப்பியில் முதல் வரியில் பூச்சியம் என்று எழுதினேன். பிறகு வேலை சூடுபிடித்துவிட்டது. ஐம்பது தோட்டா நிரப்பி முடித்தபோதுதான் மீதி வரிகள் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டேன். பேனையை எடுத்து ஒரே மூச்சில் பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம் என்று நிரப்பினேன்.

மத்தியானம் மகள் பயிற்சிக்கு வர இருந்தாள். அவளுக்கு முன்னால் கொட்டாஞ்சேனைப் பெண் வந்தாள், தனியாகச் செய்ததைப் பார்க்க. தோட்டாக்களைப் பார்க்கவில்லை, நேரே கொப்பியைத்தான் எடுத்தாள். அந்த ஆறு பூச்சியங்களையும் பார்த்தாள். பேனை நிப்பாட்டினாள், வெறுந்தட்டைத் தராசில் வைத்தாள். எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து நின்றது.

மேசையில் தட்டுக்குக் கீழே மஞ்சளாகக் கொஞ்சம் தூள் கிடந்தது. பொட்டு காய்ந்து வெடித்து, பாதிக்குமேல் உதிர்ந்திருந்தது. உதிர்ந்த சந்தனத்தின் பாரத்தை ஈடுகட்ட, எண் சரியாக வரும்வரை நான் மருந்தைக் கூட்டிக் கூட்டிப் போட்டிருக்கிறேன். சின்ன அளவுதான். ஆனால் மருந்து கூடினால் துவக்குக் குழலே வெடிக்கலாம், துவக்கின் அடிக்கட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு சுடுகிறவளுக்கு அது சின்ன அளவில்லை. அந்தக் கன்னம் என் மகளின் கன்னம். கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

"எந்தத் தோட்டாவுல இருந்து உதிர ஆரம்பிச்சது அண்ணே?"

"தெரியாது."

"கொப்பில எழுதியிருக்கே?"

அந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "பூசைச் சந்தனம் பிள்ளை, அதை எப்படித் துடைக்கிறது? உங்களுக்கு விளங்காது," என்று கத்தினேன். விளங்காதா! நெற்றியில் விபூதியோடு நிற்கிறவளிடம் சொல்கிறேன். அவள் கோபிக்கவில்லை. தட்டில் மிச்சம் ஒட்டியிருந்த சந்தனத்தை விரலால் மெதுவாக எடுத்து, ஒரு கடதாசித் துண்டில் வைத்து மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இத மகளுக்கு வைங்க அண்ணே. தராசுக்கு வேணாம்."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தாள். ஐம்பதையும் ஒவ்வொன்றாக வெட்டித் திறந்து, மருந்தைத் திரும்ப நிறுத்தோம். பதினெட்டாவதில் இருந்து கூடிக்கொண்டே போயிருந்தது. ஒவ்வொரு அளவையும் என்னைக்கொண்டே கொப்பியில் எழுதுவித்தாள். என் பொய்ப் பூச்சியங்களை அழிக்க விடவில்லை. அவற்றின் பக்கத்திலேயே எழுதச் சொன்னாள். அன்று அவளுக்கு விடுமுறை நாள், வீட்டில் சமையல் காத்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். இவ்வளவு பொறுமை என்னிடம் இருந்திருந்தால் நான் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் நல்ல வாத்தியாராக இருந்திருப்பேன்.

மகள் வந்தபோது கொடுக்க என்னிடம் ஒரு தோட்டாவும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். "ஓம் அப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு, பயிற்சி செய்யாமலே வீட்டுக்குத் திரும்பினாள். நானும் அதே பஸ்ஸில் வந்தேன். கடதாசியில் இருந்த சந்தனம் என் பைக்குள்ளேயே இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தைரியம் வரவில்லை.

அடுத்த கிழமை திரும்ப நிரப்பினேன். ஒரு முழுக் காலையில் இருபத்தைந்துதான் முடிந்தது. மகள் துவக்கோடு வந்து நின்றாள். பெட்டியை நீட்டினேன். அவள் பெட்டியை வாங்கவில்லை.

"கொப்பியைத் தாங்கோ அப்பா."

கொடுத்தேன். வரி வரியாக விரல் வைத்து வாசித்தாள். பழைய பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு தோட்டாவை எடுத்துத் துவக்கில் போட்டு, மூடி, அடிக்கட்டையில் கன்னத்தை வைத்தாள்.